தரங்கம்பாடியில் மூன்றாம் நாள்

சாந்தகுமாரி தரங்கம்பாடிக்குப் போய் அன்றோடு மூன்று நாள். போனது காகிதத்தில்தான். ஆள் இருந்தது பெங்களூர் ஈஜிபுராவில், கொழுந்தன் பாலகுமாரின் ஒற்றை அறையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ஏப்ரல் வெயிலில் வெந்துகொண்டு.

அவள் புருஷன் கோவிந்தன் வேலை பார்த்த தொழிற்சாலையில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு ஊர் சுற்றிவரச் செலவு கொடுப்பார்கள். எல்.டி.சி. என்று பெயர். உண்மையில் ஊர் சுற்றியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சிவசங்கரன் என்று ஒரு டூர் ஏஜெண்ட் இருந்தார். அவரிடம் சொன்னால் பஸ் டிக்கெட், லாட்ஜ் ரசீது எல்லாம் மணிமணியாகத் தயாராகிவிடும். அந்தப் பணத்தில் ஒருவர் கூரை மாற்றுவார், இன்னொருவர் மகளுக்குத் தோடு வாங்குவார். நிஜமாகவே போய்வருகிறவனைத்தான் ஏமாளி என்பார்கள்.

போன வருஷம் கெடுபிடி வந்தது. கன்னியாகுமரிக்குப் போய்வந்ததாக எழுதிக் கொடுத்த ஒருவரை ஆபீசுக்குள் கூப்பிட்டு, நடுக்கடல் பாறைக்கு எப்படிப் போனீர்கள் என்று கேட்டார்கள். மனிதர் நடந்து போனேன் என்றார். வேலை போயிற்று. அதிலிருந்து, போவதாகச் சொன்னவர்கள் அந்த நாட்களில் தெருவில் தலைகாட்டாமல் எங்காவது பதுங்குவது என்று ஆயிற்று. சிவசங்கரனும் தொழிலில் நியாயமானவர். ரசீதோடு ஊர் விவரத்தையும் ஒரு பக்கம் டைப் அடித்துத் தர ஆரம்பித்தார்.

அந்த ஒரு பக்கத்தைக் கோவிந்தன் பெண்டாட்டிக்கு மூன்று நாளாகப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான். டென்மார்க்குக்காரர்கள் கட்டிய கோட்டை, கடலைப் பார்த்து நிற்கிறது. ஊருக்குள் நுழையப் பெரிய வாசல். தெருவில் பழைய மாதாகோயில்கள். கரையோரம் மாசிலாமணி நாதர் கோயில், அதில் பாதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கோயில் கோட்டைக்கு எந்தப் பக்கம் என்று காகிதத்தில் இல்லை. கேட்டால் என்ன சொல்வது என்று அவன் ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டிருந்தான்.

சாந்தகுமாரிக்கு அலுத்துவிட்டது. இந்தத் தடவையாவது நிஜமாகப் போகலாம் என்று அவள் கெஞ்சியிருந்தாள். கால்களை அலையில் நனைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் சும்மா நிற்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அடுத்த தடவை என்றான். பதினெட்டு வருஷமாக அதுதான் பதில். கிடைத்தது புழுக்கமும் மனப்பாடமும்.

அக்காவிடம் மட்டுமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்பது அவளை அரித்துக்கொண்டே இருந்தது. அக்கா சின்னத்தாயிக்கும் அவளுக்கும் அல்சூரில் அடுத்தடுத்த வீடு. ஆனால் சின்னத்தாயிக்கு வாய் நிற்காது. தெருக்கோடி வீட்டில் கோவிந்தனின் சூப்பர்வைசர் மஞ்சுநாத் குடியிருந்தார். சொல்லக்கூடாது என்று கோவிந்தன் சத்தியம் வாங்கிக்கொண்டான். கிளம்பும் நாளில் சின்னத்தாயி ஆட்டோ வரை வந்து, என் தங்கச்சி கடலுக்குப் போறா என்று பார்த்தவர்களுக்கெல்லாம் சொல்லிப் பூரித்தாள். ஆட்டோ தெருவைத் தாண்டும்வரை சாந்தகுமாரி தலையைத் தூக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு, வேலைக்குப் போன பாலகுமார் திரும்பி வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"அண்ணி, அல்சூர் அக்கா தவறிட்டாங்க. ராத்திரி நெஞ்சு வலி போல. காலைல அத்தான் டியூட்டி முடிஞ்சு வந்து பாத்திருக்காரு."

அக்கா புருஷன் முனிகிருஷ்ணனுக்கு இரவுக் காவல் வேலை. ராத்திரியில் சின்னத்தாயி தனியாகத்தான் இருப்பாள். எதுவென்றாலும் தங்கை வீட்டுக் கதவைத் தட்டுவாள். சாந்தகுமாரி எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு செருப்பைத் தேடினாள். அழுகை இன்னும் வரவில்லை. போக வேண்டும் என்பது ஒன்றுதான் தெரிந்தது.

கோவிந்தன் கதவை மறித்து நின்றான். தரங்கம்பாடி லாட்ஜுக்குப் போன் பண்ணித் தகவல் சொல்லிவிடு என்று தெருக்காரர்கள் பாலகுமார் வேலை செய்யும் இடத்துக்கு ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கிறார்கள். அவனும் சொல்கிறேன் என்று தலையாட்டியிருக்கிறான். தகவல் இப்போது கிடைத்தால், அங்கே பஸ் பிடித்து, ஊர் ஊராக மாறி, பெங்களூர் வந்து சேர ராத்திரி எட்டு மணி ஆகும். எட்டு மணிக்கு முன்னால் அல்சூரில் கால் வைத்தால் மாட்டினோம்.

"மஞ்சுநாத் அங்கதான் நிப்பாரு. எனக்கு வேற என்ன தொழில் தெரியும், சொல்லு. நீ கோடி போடாம எடுக்க மாட்டாங்க. காத்திருப்பாங்க."

அவன் சொன்னதிலும் விஷயம் இருந்தது. கட்டிக்கொடுத்த பெண் செத்தால், பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை வந்து சாத்திய பிறகுதான் தூக்குவார்கள். சின்னத்தாயிக்கு அப்பா அம்மா இல்லை, கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லை. கோடி கொண்டுவர இருந்தது சாந்தகுமாரி ஒருத்திதான்.

அவள் உட்கார்ந்தாள். அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய இடத்தில் அக்காவைக் கிடத்தியிருக்கிறார்கள்; இவள் போகாத ஊரிலிருந்து திரும்பிவர ஆகும் நேரத்தைக் கழித்துக்கொண்டிருந்தாள். ஒன்பது மணிக்கு மயிலாடுதுறை தாண்டியிருப்போம் என்று கோவிந்தன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பன்னிரண்டு மணிக்குத் திருச்சி என்றான். சாந்தகுமாரி அவனைத் திரும்பிப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன்மேல் அவளுக்கு அருவருப்பு வந்தது. அடுத்த நிமிஷமே அதுவும் ஓய்ந்துபோய், பாவம் என்று தோன்றியது. அவன் அடுத்த ஊர்க் கணக்கை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

ஒரு மணிக்குப் பாலகுமார் மறுபடி வந்தான். வெயிலுக்கு உடம்பு தாங்காதாம். மூன்று மணிக்கு எடுப்பதென்று முடிவு செய்துவிட்டார்கள். தங்கச்சி அவ்வளவு தூரத்திலிருந்து எப்படி வந்து சேருவாள், எதிர்வீட்டு விஜியே பிறந்த வீட்டுக்காகக் கோடி போடட்டும் என்று பேச்சு.

சாந்தகுமாரி எழுந்தாள்.

"எங்க அக்காவுக்குப் பொறந்த வீடுன்னா அது நான்தான். வேற யாரும் போடக்கூடாது."

கோவிந்தன் தாழ்ப்பாளின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. அவள் சண்டை போடவில்லை. கையை எடுக்கட்டும் என்று நின்றாள். கொஞ்ச நேரத்தில் எடுத்தான். சுவரைப் பார்த்துக்கொண்டு, நான் எட்டு மணிக்கு வரேன் என்றான்.

ஈஜிபுரா மெயின் ரோட்டில் ஒரு துணிக்கடையில் சிவப்புச் சேலை எடுத்தாள். மஞ்சள், குங்குமம், பூ வாங்கினாள். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் அழுகை வந்தது. அல்சூர் ஏரி வரை நிற்கவில்லை. போனதும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். வேலை போனால் போகட்டும், இன்னொரு பொய்யைச் சுமக்க உடம்பில் தெம்பு இல்லை.

தெருவில் பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் பறை நின்றது. வாசலில் மஞ்சுநாத் நின்றிருந்தார். விஜி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"ராத்திரி பத்து மணிக்கு உங்கக்கா உன் வீட்டுக் கதவத் தட்டினாங்க. என்னக்கான்னு கேட்டேன். வாயு புடிச்சிருக்கு, ஒண்ணுமில்லன்னாங்க. பூட்டப் பாத்துட்டு, அய்ய, அவ கடலுக்குப் போயிருக்கா இல்ல, மறந்துட்டேன்னு சிரிச்சிக்கினே உள்ள போயிட்டாங்க."

நாலு பேர் சாந்தகுமாரியைப் பிடித்து உள்ளே கொண்டுபோனார்கள். அக்காவின் மேல் சேலையைச் சாத்தி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தாள். தெருவில் எத்தனையோ வீடு இருக்கத் தன் வீட்டுக் கதவைத்தான் தட்டியிருக்கிறாள். தான் உள்ளே இருந்திருந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருப்பாள். இனி ஆயுசுக்கும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கப் போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

அவளைச் சுற்றி வேறொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. போன் போனது காலையில். இவள் மூன்று மணிக்குள் வந்து நிற்கிறாள். எப்படி? அக்கா உயிர் ராத்திரியே போய்த் தங்கச்சியை எழுப்பியிருக்கிறது என்றாள் ஒருத்தி. கனவில் வந்திருப்பாள் என்றாள் இன்னொருத்தி. புருஷன் எங்கே என்று யாரோ கேட்டதற்கு, லாட்ஜைக் காலி பண்ணிக்கொண்டு பின்னால் வருவார் என்று மூன்றாமவள் பதில் சொன்னாள். ராத்திரி பஸ் காலையிலேயே வந்திருக்க வேண்டுமே என்று ஒரு கிழவர் இழுத்தார். வழியில் டயர் வெடித்ததாம் என்று அதையும் அடைத்துவிட்டார்கள். சாந்தகுமாரி அக்காவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள்.

மஞ்சுநாத் ஒரு தம்ளர் காபியோடு வந்து எதிரில் குந்தினார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"குடிம்மா. தேவ்ரு, அந்த சாமி தான் உன்ன கூட்டினு வந்துச்சு. கோவிந்தன் லீவுக்கு நான் பாத்துக்கறேன், ஆபீஸ்ல சொல்றேன்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னாள்.

"நாங்க எங்கயும் போவல சார். ஈஜிபுராலதான் இருந்தோம். மூணு நாளா அங்கதான் இருந்தோம்."

மஞ்சுநாத் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பாவம், துக்கத்தில் என்னென்னமோ பேசுகிறது என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டே எழுந்தார். இல்லை சார், நிஜமாகத்தான் என்று அவள் மறுபடி சொன்னாள். விஜி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"விடுங்க சார். அவ ராத்திரியெல்லாம் பஸ்ல தூங்கியிருக்க மாட்டா."

வெளியே பறை மறுபடி தொடங்கியது. தூக்குவதற்கு நாலு பேர் உள்ளே வந்தார்கள்.