கன்னியப்பனுக்கு ஒரு க்ளோசப்

டி.வி.க்குள் இருந்து தங்கவேல் முறைத்தான்.

கறுப்புக் கோட்டு. கழுத்தில் வெள்ளைப் பட்டை. கையில் மரச் சுத்தியல். "ஆர்டர், ஆர்டர்!" என்று மேஜையில் ஒரு தட்டு தட்டினான். கோர்ட்டே கப்சிப்.

சோபாவில் உட்கார்ந்திருந்த கன்னியப்பனின் வயிற்றுக்குள் யாரோ ஸ்டவ்வைப் பற்ற வைத்துவிட்டுப் போனார்கள்.

"இன்னாங்க, பாருங்க பாருங்க! நம்ம தங்கவேல் அண்ணன்! எவ்ளோ எடுப்பா கீறாரு பாருங்க!" மனைவி வேம்புலியம்மாள் கரண்டியும் கையுமாக வாசலுக்கு ஓடினாள். எதிர் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏய், சீக்கிரம் டி.வி.யைப் போடு! நம்ம அண்ணன் ஜட்ஜா வந்துகினு கீறாரு!"

நம்ம அண்ணனாம்!

அம்பத்தூர் எஸ்டேட்டில், தகடு அடிக்கும் அந்தத் தொழிற்சாலையில், கன்னியப்பன் சூப்பர்வைசர். தங்கவேல் அவருக்குக் கீழே மிஷின் ஓட்டியவன். அவர் ஒரு பார்வை பார்த்தால் பாதி குடித்த டீயை அப்படியே வைத்துவிட்டு மிஷினுக்கு ஓடுவான். இருவரும் ஒரே நாளில்தான் ரிடையர் ஆனார்கள். ஒரே மேடை, ஒரே மாதிரி சால்வை. மாலை மட்டும் கன்னியப்பனுடையது கொஞ்சம் பருமன். அதை அவர் அன்றைக்கே கவனித்து வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் கணக்கு தலைகீழானது.

பூந்தமல்லிப் பக்கம் சீரியல் எடுக்கும் பங்களாக்கள் ஏராளம். அங்கே நரைத்த தலைகளுக்கு எப்போதும் கிராக்கி. ஜட்ஜ் வேண்டும், டாக்டர் வேண்டும், கல்யாண சீனில் முன் வரிசையில் உட்கார்ந்து அட்சதை போடப் பெரியவர்கள் வேண்டும். டில்லிபாபு என்ற ஏஜென்ட் தங்கவேலைப் பிடித்துக்கொண்டு போனான். இன்று ஜட்ஜ்.

கன்னியப்பன்? வீட்டில் சும்மா உட்காரத் தெரியாமல் சமையலறையைக் கையில் எடுத்தார். தொழிற்சாலையில் செய்த மாதிரியே ஒவ்வொரு டப்பாவுக்கும் இடம் குறித்தார், பெயர் ஒட்டினார், தரையில் மஞ்சள் டேப்பால் கோடு போட்டார். வேம்புலியம்மாள் குளித்துவிட்டு வந்து பார்த்தாள். "இந்தக் கோட்டுக்கு அந்தாண்ட நில்லுங்க. நான் கூப்புட்டா மட்டும் உள்ள வாங்க" என்றாள். அன்றோடு அந்த டிபார்ட்மென்டும் கையை விட்டுப் போனது.

மறுநாள் காலை, வேப்பம்பட்டு ஸ்டேஷன் பக்கத்து டீக்கடை. தங்கவேல் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் ஐந்தாறு பேர். டீ மாஸ்டர் அவனுக்கு முதல் டம்ளரை நீட்டினார். கன்னியப்பனுக்கு வந்த டீயில் ஆடை மிதந்தது.

"உக்காருங்க சார்." தங்கவேல் அவசரமாக நகர்ந்து இடம் கொடுத்தான். "நேத்து சீரியல் பாத்தீங்களா சார்?"

"இல்லப்பா. எங்க தெருவுல கரண்ட் இல்ல."

"அப்படியா? உங்க வீட்லேருந்து தங்கச்சி போன் பண்ணிச்சே சார். நீங்க பக்கத்துலயே உக்காந்து பாத்துகினு கீறீங்கன்னு சொல்லிச்சே!"

பெஞ்சே சிரித்தது. கன்னியப்பன் ஆடையை ஊதினார்.

அந்த நேரம் பார்த்து, ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கல்யாண ஜோடி நின்றது. "சார், நீங்க அந்த ஜட்ஜ்தானே? ஒரே ஒரு செல்ஃபி." தங்கவேல் வெட்கத்தோடு எழுந்து வெளிச்சம் இருக்கும் பக்கம் போனான். கூட்டமும் வேடிக்கை பார்க்க அவன் பின்னால் போனது. அவன் போன் பெஞ்சிலேயே கிடந்தது.

போன் அடித்தது. திரையில் 'டில்லிபாபு ஏஜென்ட்'.

கன்னியப்பன் சாலையைப் பார்த்தார். தங்கவேல் தலையைச் சாய்த்து போஸ் கொடுத்துக்கொண்டிருந்தான். அவர் கை தானாகப் போய் எடுத்தது.

"நைனா! நாளைக்கு காலீல பூந்தமல்லி பங்களாவுக்கு வந்துடு. பெர்ய கேரக்டர் கீது. எபிசோடு பூரா நீதான். க்ளோசப்புலாம் வெச்சிக்கிறாங்கோ!"

கன்னியப்பன் குரலைத் தாழ்த்தினார். "தங்கவேலுக்கு... ஜுரம்ப்பா. எழுந்திருக்க முடியல. நான் அவன் ஃப்ரெண்டு கன்னியப்பன். அவன் வயசுதான். நான் வரட்டுமா?"

"ஆள் எப்டி, பாக்க கெத்தா இருப்பியா?"

"சூப்பர்வைசரா இருந்தவன்யா நான்."

"அப்ப சரி. வெள்ள வேட்டி, வெள்ள சட்டை எட்த்துகினு வா."

"டயலாக் எல்லாம்?"

"அதெல்லாம் மத்தவங்கோ பேசுவாங்கோ நைனா. நீ அசையாம கெத்தா இருந்தாப் போதும்."

போனை இருந்த இடத்திலேயே வைத்தார். அதற்கு முன், வந்த அழைப்பின் தடத்தை விரலால் துடைத்துவிட்டார். திருட்டுதான். தெரியும். ஆனால் ஒரே ஒரு நாள் அந்த டி.வி.க்குள் உட்கார்ந்து, வேம்புலியம்மாளின் கரண்டி தன்னைப் பார்த்து நிற்பதை அவர் பார்த்தாக வேண்டும்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைப் போட்டு உடைத்தார். "எபிசோடு பூரா நான்தான்!"

ரிடையர் ஆன பிறகு முதல் முறையாக வேம்புலியம்மாள் அவரை முழுசாக ஒரு பார்வை பார்த்தாள். "நெஜமாவா? தங்கவேல் அண்ணன் சொல்லிப் புடிச்சிக் குடுத்தாரா?"

"அவனா? அவனே துக்கடா. டைரக்டரே என்னைக் கேட்டாராம்."

சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை ஆவடிக்கு ரயில், அங்கிருந்து பூந்தமல்லிக்கு பஸ். பங்களா வாசலில் டில்லிபாபு காத்திருந்தான். அவரை மேலும் கீழும் பார்த்து, "சூப்பரு நைனா, அள்வெட்த்த மாரி கீறே" என்றான். கன்னியப்பனின் நெஞ்சு நிமிர்ந்தது.

மேக்கப் அறையில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முகத்தில் பவுடர் பூசினார்கள். பூசினார்கள், பூசிக்கொண்டே இருந்தார்கள். கண்ணாடியில் ரத்தமே இல்லாத ஒரு முகம் தெரிந்தது. அந்தப் பெண் அடுத்து இரண்டு உருண்டை பஞ்சை எடுத்தாள்.

"இது எதுக்கும்மா?"

"மூக்குல வைக்க சார். நீங்கதானே டெட் பாடி?"

கன்னியப்பன் துள்ளி எழுந்தார். "டில்லி! இன்னாய்யா இது? பெரிய கேரக்டர்னே!"

"ஆமா நைனா. பெர்ய ஊட்டு மன்சன் சாவுறான். எபிசோடு பூரா சாவு ஊடுதான். எல்லாரும் உன்மேல உயுந்து அழுவாங்கோ. இத்த விட பெர்சா இன்னா வோணும்?"

போய்விடலாம். வாசல் திறந்துதான் இருந்தது. ஆனால் வேப்பம்பட்டில் ஒரு தெருவே டி.வி. முன்னால் உட்காரத் தயாராக இருந்தது. கன்னியப்பன் மெல்ல நாற்காலியில் அமர்ந்தார். பஞ்சு மூக்கில் ஏறியது.

நடுக்கூடத்தில் பெஞ்சு போட்டுப் படுக்க வைத்தார்கள். தாடையைச் சுற்றித் துணிக்கட்டு, கால் கட்டைவிரல்களுக்கு ஒரு கட்டு, நெற்றியில் ஒரு ரூபாய். டைரக்டர் வினோத் இளைஞன். குனிந்து, "ஐயா, மூச்சை மட்டும் மெதுவா விடுங்க" என்றான். பிறகு நிமிர்ந்து, "செத்தவரோட சிநேகிதன் கேரக்டர் வந்தாச்சா?" என்று கேட்டான்.

"வந்துட்டாரு சார்" என்றது டில்லிபாபுவின் குரல். "ஜொரம்னாங்கோ. சும்மா விசாரிக்கலாம்னு போன் போட்டேன். இன்னா ஜொரம், கல்லு மாரி கீறேன்றாரு. ஒடனே வரச் சொல்ட்டேன்."

கன்னியப்பனுக்கு நிஜமாகவே மூச்சு நின்றது.

"பெரியவரே, நீங்க ஓடி வந்து நெஞ்சுல விழுந்து அழணும்" என்று வினோத் யாருக்கோ சொல்லிக்கொடுத்தான். "என்ன வேணா சொல்லி அழுங்க. வாய் அசைஞ்சாப் போதும், வசனத்தை அப்புறம் டப்பிங்ல போட்டுக்கறோம். ஆக்‌ஷன்!"

தடதடவென்று காலடிச் சத்தம். கன்னியப்பனின் மார்பில் ஒரு கனம் விழுந்தது. பழக்கமான வெற்றிலைப் பாக்கு வாசனை.

"சார்!" என்று அலறினான் தங்கவேல். "எனக்கு ஜொரம்னு யார் சார் சொன்னது?"

பிணம் அசையாமல் கிடந்தது.

"டீக்கடைல என் போன எட்த்துப் பேசுனது யார் சார்? அய்யோ! டீ மாஸ்டர் பாத்துட்டு சொன்னாரே சார்!"

"சூப்பர், கன்டின்யூ!" என்றான் வினோத்.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே குட்த்துருப்பேனே சார்! கூட கூட்டியாந்து டில்லி கைல புட்ச்சிக் குட்த்துருப்பேனே! திருடுவீங்களா சார்? எங்கிட்டயா சார்?"

சூடாக ஏதோ கன்னியப்பனின் கழுத்தில் சொட்டியது. கிளிசரின் போட்டுக்கொள்ள அவனுக்கு நேரமே கொடுக்கவில்லை என்பது அவருக்கு உறைத்தது. அவமானம் உடம்பெல்லாம் ஊர்ந்தது. அந்த நிலையிலும் மனசின் ஒரு மூலை பொருமியது. பாவி, என்னமாய் அழுகிறான்! க்ளோசப் எனக்கென்று சொன்னார்கள். பார்க்கிறவர்கள் கண் அவன் மேல்தானே போகும்?

"கட்! பிரமாதம்!"

கைதட்டல். தங்கவேலுக்குத்தான்.

தாடைக் கட்டையும் கால் கட்டையும் அவிழ்த்து கன்னியப்பனை உட்கார வைத்தார்கள். இறங்கப் போனவரை கேமராமேன் தடுத்தார். "அப்படியே போகக் கூடாதுங்க. பொணமா படுத்தவர் எழுந்து கேமராவைப் பாத்து ஒரு தடவை சிரிக்கணும். அதையும் எடுத்தாத்தான் தோஷம் போவும். இல்லாட்டி உங்களுக்கும் ஆவாது, எங்களுக்கும் ஆவாது."

கன்னியப்பன் சிரிக்க முயன்றார். பல் தெரிந்தது. அவ்வளவுதான்.

"ஐயா, அது மொறைப்பு. சிரிங்க."

மறுபடியும் முயன்றார். லைட் பிடித்த பையன் ஒரு அடி பின்வாங்கினான். யூனிட்டே காத்திருந்தது. சாப்பாட்டு வண்டி வந்து நின்றுவிட்டது. அவர் சிரிக்காமல் யாரும் கை கழுவ மாட்டார்கள். கேமராவுக்குப் பக்கத்தில் தங்கவேல், துண்டால் கண்ணைத் துடைத்தபடி, அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் எதிரில் எப்படிச் சிரிப்பது?

மானிட்டரில் கண்ணைப் பதித்திருந்த வினோத் திடீரென்று கையைத் தூக்கினான்.

"ஒரு நிமிஷம். இந்த மூஞ்சியைப் பாருங்க. இந்த ஆள் செத்ததுக்கு ஊரே அழுவுதுன்னு எழுதி வச்சிருக்கோம். இவரு செத்தா பாதி ஊரு பட்டாசு வெடிக்கும்யா! ஃப்ளாஷ்பேக் வச்சாப் பிச்சுக்கும். கொடுமைக்கார மில் முதலாளி. ஐயா, வசனம் பேசுவீங்களா? ரெண்டு வாரம் தொடர்ந்து வர முடியுமா?"

கன்னியப்பன் காதில் அது பாதிதான் விழுந்தது. அவர் பார்வை தங்கவேலின் முகத்தில் இருந்தது. அந்த முகம் கறுத்துப்போயிருந்தது. உதட்டோரம் கீழே இழுத்தது. ஜட்ஜாக வந்தும் அவனுக்கு இதுவரை கிடைத்தது இரண்டே இரண்டு "ஆர்டர்"தான்.

பொறாமை! கலப்படம் இல்லாத, அசல் பொறாமை. அதுவும் தன்மேல்!

கன்னியப்பனின் முகம் மலர்ந்தது. காதுக்குக் காது. கேமராவைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பில் மூக்குப் பஞ்சு ஒன்று தெறித்து விழுந்தது.

"ஓகே! சாப்பாடு!"

தங்கவேல் பெஞ்சருகே வந்தான். "செத்தும் பிரமோஷன் வாங்குறீங்களே சார்" என்றான். அவ்வளவுதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். எத்தனையோ வருஷம் ஒரே ரயிலில் வீடு திரும்பியவர்கள். இன்று அவன் காத்திருக்கப் போவதில்லை என்பது அந்த நடையிலேயே தெரிந்தது.

வினோத் உற்சாகத்தில் இருந்தான். "டில்லி, இவர்கிட்டத் தினமும் திட்டு வாங்கற தொழிலாளி ஒருத்தர் வேணும். பெரிய ரோல்."

"வளசரவாக்கத்துல ஒர்த்தர் கீறாரு சார். இப்பவே போன் போடறேன்."

கன்னியப்பன் வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருந்தால் போதும், இரண்டு வாரமும் டி.வி. அவருடையது. ஜன்னல் வழியே பார்த்தார். தங்கவேல் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தான். இனி டீக்கடைப் பெஞ்சில் இடம் கொடுக்க நகர மாட்டான். அந்த டி.வி.யை யாரிடம் காட்டிப் பெருமை அடிப்பது? பார்த்துப் பொறாமைப்பட ஆளே இல்லாத ஒரு க்ளோசப்!

"ஆள் இங்கியே இருக்கான்" என்றார் கன்னியப்பன். தொழிற்சாலையில் மிஷின்களின் சத்தத்தைத் தாண்டிக் கேட்ட அந்தப் பழைய குரலில் கத்தினார். "தங்கவேலு!"

கேட்டுக்கு வெளியே தங்கவேலின் கால்கள் தாமாகவே நின்றன.

"பாத்தீங்களா டைரக்டர்? நான் திட்டுனா வாங்கிக்க அவனை மாதிரி ஆள் மெட்ராஸ்ல கிடையாது. அவன் வந்தாத்தான் நானும் வருவேன்."

தங்கவேல் விறைப்பாகத் திரும்பி வந்தான். "மறுபடியும் இவருகிட்டத் திட்டு வாங்கணுமா? ஆள வுடுங்க சார்."

"முழுசாக் கேளுங்க பெரியவரே" என்றான் வினோத். "பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, கடைசியில ஒரு நாள் எல்லாரும் பாக்க முதலாளி கன்னத்துல பளார்னு ஒண்ணு விடறீங்க. அதான் அந்த வாரத்து ப்ரமோ."

தங்கவேலின் விறைப்பு மெல்லத் தளர்ந்தது. வலது கையை ஒரு முறை மடக்கி நீட்டிப் பார்த்தான். "நெஜமாவே அடிக்கலாமா சார்?"

"லேசாப் பட்டா இன்னும் நல்லாருக்கும். ஐயா, உங்களுக்கு ஓகேதானே?"

கன்னியப்பன் தங்கவேலைப் பார்த்தார். அவன் கண் இன்னும் சிவந்துதான் இருந்தது. மிச்சமிருந்த பஞ்சை மூக்கிலிருந்து பிடுங்கினார். "ஓகே. எனக்கு விழவேண்டியதுதான்."

"போன எட்த்ததுக்கு ஒரு டேக்கு" என்றான் தங்கவேல். "ஜொரம்னு சொன்னதுக்கு ஒரு டேக்கு. வாங்க சார், சாப்பாடு ஆறிடும்."

இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். தங்கவேல் அப்பளத்தை உடைத்துப் பாதியை அவர் இலையில் வைத்தான். கன்னியப்பன் முதல் வாயை எடுத்தார். ப்ரமோ! நாள் முழுக்க, விளம்பரத்துக்கு விளம்பரம் அதையேதான் போடுவார்கள். தங்கவேலின் கை. தங்கவேலின் முகம். வேம்புலியம்மாள் கரண்டியோடு வாசலுக்கு ஓடுவாள். நம்ம அண்ணன் வுட்டார் பார் ஒண்ணு, என்று தெருவையே கூப்பிடுவாள்.

கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. கன்னியப்பன் எழுந்து, அடுத்த வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த டைரக்டரிடம் போய்க் குனிந்தார்.

"தம்பி, ஒரு சின்ன யோசனை. அந்தப் பளாரை நான் அவனுக்குக் குடுக்கற மாதிரி கதையை மாத்த முடியுமா?"