முதல் வரியில் பாராட்டு

என் வீட்டுக்காரர் குழாய் வேலை பார்ப்பவர். நான் தண்ணீர் ஆபீஸில் புகார் கவுன்டரில் உட்காருகிறவள். அவர் ஒழுகுவதை அடைப்பார். ஒழுகுகிறது என்று வருகிறவர்களுக்கு நான் படிவம் கொடுப்பேன். எங்கள் சமையலறைக் குழாய் மட்டும் இரண்டு வருஷமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கேட்டால் ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்பார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை வந்து போய்விட்டது.

கவுன்டரில் என் நாக்குக்கு நல்ல பெயர் கிடையாது. படிவத்தில் இரண்டே கட்டம்: என்ன பழுது, எப்போதிலிருந்து. வந்தவர் தன் மாமியார் கதையில் ஆரம்பித்தால், கதை வேண்டாம், பழுதைச் சொல்லுங்கள் என்று வெட்டிவிடுவேன். வெட்டு ஒன்று துண்டு இரண்டு. பிறகு 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தி அனுப்பிவிடுவேன். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் என் வேலை.

இவர் அப்படியில்லை, வாயில்லாப் பூச்சி. பேச வேண்டியதையெல்லாம் ஒரு வலைப்பூ தொடங்கி அதில் எழுதினார். ஃப்ளஷ் டேங்க் ஏன் உறுமுகிறது, பாத்ரூம் வடிகால் சல்லடையில் முடி அடைக்காமல் இருக்க என்ன செய்வது, இப்படி. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் எவனோ ஒருவன் கீழே பின்னூட்டம் போட்டான்: "இந்த ஆளுக்குக் குழாய் எது, கம்பி எது என்று யாராவது காட்டிக்கொடுங்கள்."

மனிதர் இடிந்துபோனார். நாற்பது நாள் ஒரு வரி எழுதவில்லை. வேலை முடிந்து வந்ததும் வாஷர் டப்பாவைக் கவிழ்ப்பார், அளவுவாரியாக அடுக்குவார், மறுபடி கவிழ்ப்பார். ஒருநாள் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். அதையும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்துபோனார். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. உப்பில்லை என்று சொல்லக்கூடத் தெம்பில்லாத மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

வலைப்பூவின் பாஸ்வேர்டை மாற்றினேன். இனி எழுதுவது அவர் வேலை, கீழே வருகிறதைப் பார்ப்பது என் வேலை, அவர் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பிறகு விதிகள் போட்டேன். பின்னூட்டம் மூன்றே வரி. முதல் வரியில் பாராட்டு. இரண்டாவதில் பணிவாக ஒரு சந்தேகம். மூன்றாவதில் நாலு பேருக்கு உதவுகிற மாதிரி ஒரு விஷயம். 'ஆனால்' என்ற சொல் எங்கேயும் வரக் கூடாது, ஏனென்றால் எந்தப் பேச்சிலும் பாம்பு அதற்குப் பின்னால்தான் படுத்திருக்கும். முதல் வரி பாராட்டாக இல்லையென்றால் இரண்டாம் வரியைப் படிக்கவே மாட்டேன், நேரே குப்பைக்கூடை.

யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். குவிந்துவிட்டார்கள். மற்ற பக்கங்களில் அடிதடி பார்த்து அலுத்துப்போன ஜனம்போலிருக்கிறது. ஒருவரை ஒருவர் அண்ணா, அக்கா, தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒருத்தர் கேட்ட சந்தேகத்துக்கு இன்னொருத்தர் படம் போட்டு விளக்கினார். ஒரு பஸ் டிரைவர், விதிகளை அச்சடித்து வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒட்டியிருப்பதாகவும், தன் மைத்துனன் அதற்குப் பிறகு தன்னோடு பேசத் தொடங்கியிருப்பதாகவும் எழுதினார். நான் அழுதுவிட்டேன். இவரும் மறுபடி எழுத ஆரம்பித்தார். குழம்பில் காரம் தூக்கல் என்றார். போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

அப்போதுதான் அந்தப் பதிவு வந்தது. 'சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்ற ஆறு படிகள்.' அவர் தாளில் எழுதிக் கொடுத்தார், நான் தட்டச்சு செய்து ஏற்றினேன். அதற்கு வந்ததுபோல் பின்னூட்டம் எதற்கும் வரவில்லை.

"அண்ணா, தங்கள் நடை தண்ணீர்போல் ஓடுகிறது. எங்கள் வீட்டிலும் அப்படியே ஓடுகிறது. இரண்டும் எப்போது நிற்கும் என்று அறிய ஆவல்."

"அருமையான பதிவு. முழங்கால் அளவு தண்ணீரில் நின்றபடி இதை எழுதுகிறேன். நாற்காலிமேல் ஏறி எழுதினால் கால் வலிக்காது என்பதை நண்பர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்."

"நான்காம் படி மிகத் தெளிவு. கீழ்வீட்டுக்காரரும் என் மூலம் தங்களை அறிந்துகொண்டார். அவர் உங்கள் முகவரி கேட்கிறார், கொடுக்கலாமா?"

இவற்றையெல்லாம் நான் இவருக்குச் சாப்பிடும்போது வாசித்துக் காட்டினேன். முதல் வரிகளை மட்டும்தான். மிச்சத்தையும் வாசித்தால் சாப்பாடு ஆறிவிடும். எனக்கே மிச்சம் கண்ணில் பட்டும் மண்டையில் ஏறவில்லை. பெற்ற பிள்ளைக்குப் பரிசு கிடைத்தால் பரிசுப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்றா பார்ப்போம்?

அந்தப் பதிவு வந்த மறுநாளே ஒரு தொந்தரவும் வந்தது. பெயரில்லாத ஒரு ஆசாமி. முதல் வரியில் ஒரே சொல்: "தப்பு." குப்பையில் போட்டேன். மறுநாளும் "தப்பு." அதற்கு மறுநாள் இரண்டு முறை. கறிவேப்பிலை மாதிரி எடுத்து எடுத்து வெளியே போட்டுக்கொண்டே இருந்தேன். இவரிடம் மூச்சுவிடவில்லை.

இவரோ அந்த வாரமே ஒருநாள் கையைப் பிசைந்துகொண்டு, அந்த ஆறு படிப் பதிவில் ஏதோ விட்டுப்போய்விட்டது, பாஸ்வேர்டு கொடு என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. எப்படியோ அந்தத் தப்பு ஆசாமியின் சங்கதி காதில் விழுந்து, மறுபடி தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது இவருக்கு. உங்கள் எழுத்தில் ஒரு குறையும் இல்லை, போய் வேலையைப் பாருங்கள் என்றேன். அவர் வாஷர் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்குச் சந்தேகம் உறுதியானது. அன்றிலிருந்து அந்த ஆசாமியை இரண்டு மடங்கு ஆத்திரத்தோடு குப்பையில் போட்டேன்.

ஆபீஸில் அந்த மாதம் புகார் வழக்கத்தைவிட மூன்று மடங்கு. காலம் கெட்டுக்கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் ஒரு பெரியவர் வந்து நின்றார். பேன்ட் முழங்கால் வரை சுருட்டியிருந்தது, செருப்பு சளக் சளக்கென்றது. என்ன பழுது என்று கேட்டேன்.

"உங்க கவுன்டர் ரொம்ப சுத்தமா இருக்கும்மா," என்றார். "தண்ணியில ஊறின கட்டிலை எத்தனை நாள் வெயில்ல வைக்கணும்னு ஒரு சின்ன சந்தேகம். அப்புறம், இந்தப் பேனாவுக்கு ஒரு நூல் கட்டினா யாரும் தூக்கிட்டுப் போகமாட்டாங்க."

நான் உருகிப்போனேன். நம் வலைப்பூக் குடும்பத்து ஆள்! விதி பிசகாமல் பேசுகிறார்! இருபத்திரண்டு வருஷத்தில் என் கவுன்டரை ஒருத்தரும் பாராட்டியதில்லை. அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்தேன். டீயைக் குடித்து, நன்றி சொல்லி, படிவத்தை நிரப்பாமலே அவர் போனதை நான் கவனிக்கவில்லை. பேனாவுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஆறு படிப் பதிவின் பின்னூட்டம் நூறைத் தொடப்போகிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. நூறாவது என்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஆசை. வீட்டுக்காரர் கை வைக்காத எங்கள் குழாயை, அவர் எழுத்தை வைத்தே நான் சரிசெய்து, படம் பிடித்துப் போட்டால் எப்படி இருக்கும்! அவர் கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஸ்பேனரை எடுத்து, பதிவைப் போனில் திறந்து சுவரில் சாய்த்து வைத்தேன். படி ஒன்று: குழாயின் தலையை இடப்பக்கமாகத் திருகவும். திருகினேன்.

குழாயின் தலை கூரையில் இடித்துத் தட்டு அலமாரியில் விழுந்தது. தண்ணீர் அதன் பின்னாலேயே போனது. நான் இரண்டு கையாலும் பொத்தினேன். விரலிடுக்கு வழியாக மூஞ்சியில் அடித்தது. அரிசி டப்பா மிதந்தது. இவ்வளவுக்கும் நடுவில் என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "ஏங்க, பதிவு ரொம்ப நல்லா இருக்கு, ஒரு சின்ன சந்தேகம்" என்றுதான் வந்தது. பழக்கதோஷம்.

அவர் சமையலறைக்குள் வரவில்லை. நேரே வாசலுக்குப் போய் எதையோ திருகினார். தண்ணீர் நின்றது. பிறகு வந்து, வாசற்படியில் நின்றபடி என்னைப் பார்த்தார்.

"முதல்ல மெயின் வால்வை மூடணும்," என்றார்.

"அது பதிவுல இல்லையே."

"எழுத மறந்துட்டேன்."

"அப்ப சொல்லவேண்டியதுதானே?"

"நாப்பத்தாறு தடவை சொன்னேன்."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஓடியது. சொட்டச் சொட்டக் கூடத்துக்குப் போய் வலைப்பூவின் குப்பைக்கூடையைத் திறந்தேன். நாற்பத்தாறு இருந்தது. ஒவ்வொன்றிலும் "தப்பு" என்பதற்குக் கீழே நான் படிக்காத இரண்டாம் வரி: "மெயின் வால்வை மூடாமல் யாரும் குழாயைத் தொடாதீர்கள். தயவுசெய்து." தெருமுனை ஹார்டுவேர் கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டியிருக்கிறார் மனிதர்.

கடைசி ஒன்று மட்டும் வேறு மாதிரி. என் விதியைப் படித்துவிட்டு எழுதியது. "இந்தப் பக்கத்தைக் காப்பாற்றுகிற அம்மாள் தங்கமானவர். நான் சாப்பிடாமல் இருந்தால் அவரும் சாப்பிடமாட்டார். ஆனால் நான் சொல்வதைக் கேட்கமாட்டார்." அதையும் நான்தான் குப்பையில் போட்டிருக்கிறேன். மூன்றாம் வரியில் அந்தச் சொல் இருந்ததால்.

வெட்கமாக இருந்தது. எவனோ ஒருவன் அவர் வாயை நாற்பது நாள் அடைத்தான். பாசத்தோடு அடைத்தவள் நான்.

கைப்பையில் எப்போதும் நாலு படிவம் இருக்கும். ஒன்றையும், நூலோடு என் பைக்குள் வந்துவிட்ட கவுன்டர் பேனாவையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "கதை வேணாம், பாராட்டும் வேணாம்," என்றேன். "என்ன பழுது? எப்போதிலிருந்து? எழுதுங்க." அவர் பேனாவின் நூலை ஒதுக்கிவிட்டு எழுதினார். முதல் படி விட்டுப்போயிற்று. எழுதிய அன்றிலிருந்து. நான் அதை அப்படியே பதிவின் தலையில் ஏற்றினேன், விதிகளைக் கழற்றினேன். பஸ் டிரைவர்தான் முதலில் வந்தார். "அப்பாடா," என்று மட்டும் எழுதியிருந்தார். அதற்குக் கீழே தொண்ணூறு பேர் வாயைத் திறந்தார்கள். அவர்கள் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஒன்றைக்கூட நான் அழிக்கவில்லை. இவர் என் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தார், வாஷர் டப்பாவைத் தேடவில்லை.

மறுநாள் அந்தப் படிவத்தை ஆபீஸுக்கு எடுத்துப்போய், யாரும் பார்க்காதபோது முத்திரை குத்தினேன். பெறப்பட்டது. சாயங்காலம் வீட்டில் கொடுத்தேன். அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"முத்திரை தலைகீழா இருக்கு," என்றார்.

தலைகீழாகத்தான் இருந்தது.