கடன் தீர்க்க வந்த பேரரசர்

கல்யாணத்தன்றுகூட பர்ஜோ இவ்வளவு கவனமாகச் சட்டைக்கு இஸ்திரி போட்டதில்லை. பழுப்பு நிற பாத்திக் சட்டை. எல்லோர் கடனையும் தீர்த்துவைப்பதாகச் சொல்லும் ஒரு 'பேரரசர்' இன்று மண்டபத்துக்கு வருகிறார். சட்டைக் கையில் ஒரு சுருக்கம் தெரிந்தாலும் பேரரசர் மனம் புண்படும் என்பதுபோல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"மாஸ், துணி பொசுங்கிடப் போவுது," என்றாள் ரும்யாதி. புருஷனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். கோபம் வந்தால் மட்டும் முழுப்பெயர்.

ஜாவாவில் கிளாத்தென் ஊருக்கு வெளியே அவர்களுக்கு ஒரு கிருப்புக் பட்டறை. அப்பளம் மாதிரிதான், வெயிலில் காய்ந்தால்தான் காசு. இந்த வருஷம் மழை விடவேயில்லை. பேங்கில் இரண்டு தவணை நின்றுபோனது. அங்கே அடமானமாக இருக்கும் வீட்டுப் பத்திரத்தைக் காட்டிக் கடிதம் வர ஆரம்பித்திருந்தது. நல்லவேளையாகத் தெருப் பெண்களின் குலுக்குச் சீட்டு இந்த மாதம் ரும்யாதிக்கு விழுந்தது. தவணைக்கென்று பிஸ்கட் டின்னில் வைத்திருந்தாள். அதைத்தான் பர்ஜோ கேட்டான்.

"பதிவுக் கட்டணம் மட்டும்தான் யாதி. கட்டினா சான்றிதழ் தருவாங்க, மொத்தக் கடனும் தீந்துடும். பேங்குக்கு இனிமே ஒண்ணும் கட்ட வேணாம். அவங்க போன் பண்ணா எடுக்கக்கூடக் கூடாதாம்."

"ஏனாம்?"

"பேரரசரே பேசிக்குவாராம்."

"அவருக்கு வேற வேலையே இல்லையா? இந்த டின்னு போனா தவணை போச்சு, பின்னாடியே வீடும் போச்சு. தெரியுதில்ல?"

"இன்னைக்கு விட்டா பட்டியல் மூடிடுவாங்களாம்..."

பர்ஜோ முட்டாளல்ல. சீருடையைக் கண்டால் மட்டும் முதுகெலும்பு இளகிவிடும். வண்டி நிறுத்துமிடத்தில் விசில் ஊதுகிறவனுக்கே குனிந்து வணக்கம் வைப்பான். அதையும் சேர்த்துத்தான் அவனை அவளுக்குப் பிடித்திருந்தது. டின்னை மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் பின்னால் ஏறினாள்.

மண்டபத்தில் பேரரசர் எழுந்தருளினார். வெள்ளை உடுப்பு, தோளில் தங்கக் குஞ்சம், மார்பு நிறையப் பதக்கம். அதில் ஒன்று தன் மகன் சாரணர் முகாமில் வாங்கியது மாதிரியே இருப்பதாக ரும்யாதிக்குப் பட்டது. பழைய ஜாவா மன்னர்களின் பொன் முழுவதும் தன் பெயரில் இருப்பதாகவும், உலகத்து பேங்குகள் அத்தனையும் தனக்குக் கட்டுப்பட்டவை என்றும் அவர் முழங்கினார். நடுவில் மைக் செத்தது. செத்த மைக்கிலும் பேரரசர் தொடர்ந்தார்.

வாசலில் கொடுத்த பலகாரப் பெட்டியை ரும்யாதி திறந்தாள். வார்டு கூட்டத்துப் பெட்டியிலேயே மூன்று தினுசு இருக்கும். இதில் ஒரு வேர்க்கடலைப் பொட்டலமும் ஒரு குவளைத் தண்ணீரும்.

"மாஸ், பொன்னு ரொம்பத் தூரத்துல இருக்கு போல. பலகாரம் வாங்கக்கூட எடுக்க முடியல பாவம்."

"ஷ்ஷ்! காதுல விழப்போவுது."

பக்கத்து நாற்காலியில் நூடுல்ஸ் கடை தர்மி. போன மாதமே கட்டணம் கட்டிச் சான்றிதழ் வாங்கிவிட்டவள். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாள். ஐந்து கோடி ரூபியா, தங்கக் கரை, முத்திரைக்கு மேல் முத்திரை. 'எந்த பேங்கும் இதைப் பணமாக ஏற்றே ஆகவேண்டும்.'

"பேங்க்ல குடுத்தியா அக்கா?"

"இன்னும் இல்ல. நாங்க சொல்ற வரைக்கும் யாருக்கும் காட்டாதேன்னாங்க."

"கொஞ்சம் குடு, இப்பவே தந்துடறேன்."

அதற்குள் பர்ஜோ அவள் மடியிலிருந்த டின்னை எடுத்துக்கொண்டு வரிசையின் முன்னால் போய்விட்டான். பேரரசரின் செயலாளர் மூடியைத் திறந்துகொண்டிருந்தார். ரும்யாதி தர்மியின் சான்றிதழைப் பேரரசருக்கு முன்னாலிருந்த மேசைமேல் வைத்தாள்.

"ஐயா, இது உங்க கையெழுத்துதானே?"

"எமது திருக்கரம்தான்," என்றார் பேரரசர்.

"அஞ்சு கோடி இருக்கு. உங்க கட்டணம் இருபத்தஞ்சு லட்சம். இதுலயே எடுத்துக்குங்க. மீதியைத் தர வேணாம், பெட்டியில நல்ல பலகாரமா வைங்க."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அம்மணி, கட்டணம் ரொக்கமாக மட்டும்தான்."

"உலகத்துல எல்லா பேங்கும் வாங்கியே ஆகணும்னு போட்டிருக்கீங்க. நீங்களே வாங்க மாட்டீங்களா?"

யாரோ பெற்ற பிள்ளையைத் தன் மடியில் போட்டதுபோல் பேரரசர் அந்தக் காகிதத்தைப் பார்த்தார். "அது... நடைமுறை வேறு."

பர்ஜோ சான்றிதழைப் பார்த்தான், பதக்கங்களைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். பிறகு ஆயுளில் முதன்முறையாக ஒரு சீருடைக்கு முன்னால் கையை நீட்டி, டின்னைத் திரும்ப எடுத்துக்கொண்டான். குனிந்து, "மன்னிக்கணும் ஐயா," என்று சொல்லிக்கொண்டேதான். ஆனாலும் எடுத்தான்.

"அப்போ என் பணம்?" என்று தர்மி எழுந்தாள். வரிசை மெல்லக் கலைந்தது.

மறுநாள் தர்மியோடு காவல் நிலையம் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார்கள். தர்மியின் பணம் திரும்பவில்லை, பேரரசர் அதற்குள் ஊரைவிட்டே போயிருந்தார். அங்கிருந்து புருஷனும் பெண்டாட்டியும் பேங்குக்குப் போனார்கள். பர்ஜோ மேல் அதே பாத்திக் சட்டை.

கடன் அதிகாரிக்கு ஜலதோஷம். மூக்கைத் துடைத்தபடியே, "பர்ஜோ ஐயா, போனை ஏன் எடுக்கல? முன்னாடியே வந்திருந்தா அப்பவே பேசி முடிச்சிருப்போமே," என்று கடிந்துகொண்டார். டின்னிலிருந்த பணத்தைத் தவணையில் வரவு வைத்தார். மழை முடியும்வரை மாதத் தொகையைக் குறைத்துக் கெடுவை நீட்டித்தார். கடன் தீரவில்லை. வீடு பிழைத்தது.

பர்ஜோ தயங்கித் தயங்கிக் கேட்டான்: "இதுக்குப் பதிவுக் கட்டணம் எவ்வளவுங்க?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

பர்ஜோவின் முகம் மாறியது. அதிகாரியின் பதக்கமில்லாத அரைக்கைச் சட்டையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பெண்டாட்டி காதருகே குனிந்தான்.

"யாதி, காசே கேக்கல. இவரு நிஜ ஆபீசர்தானா?"

மேசைக்கடியில் அவன் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. அப்புறம் அந்தக் கையை அவள் எடுக்கவில்லை.