பாதியாகிப்போன லினக்ஸ்

காலையிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இணையதளங்களுக்கு வருகிறவர்கள் எந்தக் கணினியிலிருந்து வருகிறார்கள் என்று எண்ணிச் சொல்லும் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. போன மாதம் நூறு பேரில் நாலு பேர், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை வைத்திருந்தார்கள். இந்த மாதம் இரண்டே பேர்.

"ஒரே மாசத்துல பாதிப் பேர் ஓடிட்டாங்களா சார்?"

"ஓசியில வந்தது, ஓசியிலயே போச்சு," என்றார் மேலாளர். "இதை வெச்சுத்தான் ஒரு கம்பெனி லினக்ஸுக்கு மென்பொருள் பண்றதை நிறுத்தலாமான்னு பார்க்குது. நாளைக்கு அனுப்பணும்."

எண்ணும் நிரலை மூன்று முறை சரிபார்த்தாள். கோளாறு இல்லை. நாற்காலி முள்ளாய்க் குத்தியது. லினக்ஸ் வைத்திருக்கும் சாதாரண ஆள் ஒருவரையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. அவளுக்குத் தெரிந்து அப்படி ஒருத்திதான், டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அக்கா. அக்காவின் பழைய லேப்டாப்பில் அதைப் போட்டுக் கொடுத்ததே இவள்தான்.

மதியமே போய் நின்றாள்.

"லினக்ஸை எடுத்துட்டியா அக்கா?"

"நான் எதுக்குடி எடுக்கறேன்? நல்லாத்தானே ஓடுது."

லேப்டாப்பை இழுத்துத் தன் நிறுவனத்தின் சோதனைப் பக்கத்தைத் திறந்தாள். 'விண்டோஸ்' என்று காட்டியது.

"இது ஏன் பொய் சொல்லுது?"

"அதுவா? லைசென்ஸ், வரி, கரண்ட் பில் எல்லாத்துக்கும் புதுசா ஒரே தளம் வந்திருக்கே, அது விண்டோஸ் இல்லன்னா உள்ளயே விடாது. விண்டோஸ்னு வேஷம் போட பிரவுசர்ல ஒரு பட்டன் இருக்கு, எங்க வாட்ஸ்அப் குரூப்ல யாரோ அனுப்பினாங்க. போட்டேன், திறந்துடுச்சு. அப்புறம் யாரு அதை எடுக்கறா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பாதிப் பேரும் ஓடவில்லை, இப்படி வேஷம் போட்டிருக்கலாம் என்று புரிந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னதும் மேலாளர் தலையில் கை வைத்தார். "வேஷம் போட்டவங்களை எப்படிம்மா எண்ணுவே?"

"எண்ண முடியாது சார். முடியலன்னு எழுதிடலாம்."

"காசு வாங்கிட்டு 'தெரியாது'ன்னு எழுதறதா?"

"தப்பா எழுதறதை விட மேல் சார்."

ரொம்ப நேரம் முணுமுணுத்துவிட்டு, லினக்ஸ் வரிசையில் 'தெரியவில்லை' என்று போட்டுக் கீழே காரணமும் எழுத ஒப்புக்கொண்டார். அந்தக் கம்பெனிக்காரர் போனில் கத்து கத்தென்று கத்தினார். ஆனாலும் முடிவைத் தள்ளிப்போட்டார்.

"இப்ப நிம்மதியா?" என்றார் மேலாளர்.

 போன மாதத்து நாலு மட்டும் நிஜமா என்ற கேள்வி அவளைக் குடைய ஆரம்பித்திருந்தது. பழைய அறிக்கைகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள்.