மூடச் சொன்ன கம்பியூட்டர்

வன்னியில் சண்டை முடிந்த அடுத்த மாதம் கனடாவிலிருந்து வதனியின் மாமா போனில் கூப்பிட்டார்.

"வவுனியா முகாமில ஒரு பொடியன், உன்ட தம்பி பிரதீஸ் போலக் கிடக்காம். தெரிஞ்ச ஆள் படம் எடுத்துத் தந்தவர். உனக்கு ஈமெயில் போட்டிருக்கன். அவன்தானெண்டு நீ சொன்னா வெளியில எடுக்கப் பார்க்கலாம் புள்ள."

சுனாமி தாயையும் தகப்பனையும் கொண்டுபோனபின் அவளுக்கு மிஞ்சியவன் அந்தத் தம்பி ஒருவன்தான். அவனையும் பிறகு இயக்கத்துக்காரர் சண்டைக்கெனப் பிடித்து வன்னிக்குக் கொண்டுபோனார்கள். அது இராணுவத்துக்குத் தெரிந்தால் ஆபத்தென்று, தன் ஊரான ஆரையம்பதியில் யார் கேட்டாலும், அவனும் கடலோடு போய்விட்டான் என்றே வதனி சொல்லிவந்தாள். அந்தப் பொய்யை யாரும் தோண்டிக் கேட்டதில்லை.

ஹில்மியின் நெட் கடையில் ஈமெயிலைத் திறக்கப் போனால், திரை முழுக்க ஓர் எச்சரிக்கை. ஹில்மி தட்டித்தடவி ஆங்கிலத்தை வாசித்தார்.

"தங்கச்சி, நீங்க அனுப்புறத ஆரோ இடையில புடிக்கப் பாக்கலாமாம். மூடச் சொல்லுது."

யார் அந்த ஆரோ என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் அதைக் கேட்கத் தேவையுமில்லை. ஹில்மி வயரையே பிடுங்கிவிட்டார். இயக்கத்தில் இருந்ததைச் சொல்லாமல் முகாமில் வாயை மூடிக்கொண்டு இருப்பவனைத் தானே காட்டிக்கொடுத்துவிடுவோமோ என்று வதனி பயந்தாள்.

அன்று பின்னேரம் மாமா மறுபடி கூப்பிட்டார். போனையும் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தாள்.

"எனக்குத் தம்பி இல்ல மாமா. அவன் சுனாமியில செத்திட்டான். இனி இதைக் கதைக்காதீங்க."

தம்பியைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் நினைத்தாள், பாவி. போனை வைத்துவிட்டு வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள்.

சில கிழமை கழித்து, கம்பியூட்டர் திருத்துகிற இப்றாஹிம் மட்டக்களப்பிலிருந்து வந்து, பெட்டியைக் கழற்றிச் சின்னப் பட்டரி ஒன்றை மாற்றினார்.

"ஆரும் ஒண்டையும் புடிக்கல்ல. பட்டரி செத்து, திகதி பழைய வருசத்துக்குப் போயிட்டு. திகதி பிழையெண்டா இப்புடித்தான் சும்மா கத்தும்."

ஹில்மி சைக்கிளை மிதித்துக்கொண்டு வதனியின் வீட்டுக்கே ஓடினார். விசயத்தைச் சொல்லி அவளைக் கையோடு கடைக்குக் கூட்டிவந்தார்.

படம் திறந்தது. எலும்பும் தோலுமாக, ஆனால் அவனேதான். வதனி கடையிலிருந்தே மாமாவுக்குப் போன் எடுத்து, அவன்தானென்று சொன்னாள்.

"நீ சொன்னதைப் படம் எடுத்த ஆளிட்ட அவனுக்குச் சொல்லிவிட்டம் புள்ள. பிறகு ஆமிக்காரர் அவனை பஸ்ஸில ஏத்திக்கொண்டு போயிட்டாங்களாம். எங்கயெண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

"நான் சொன்னதைக் கேட்டு அழுதவனா மாமா?"

"இல்லயாம். நீயும் செத்திட்டாயெண்டுதான் இத்தனை வருசமும் நினைச்சிருந்தவனாம். 'அப்ப அக்கா உயிரோட இருக்கிறாவா?' எண்டுதான் திரும்பத் திரும்பக் கேட்டவனாம்."