புதிதாக வண்டி ஓட்டுவோருக்கு நான்காவது குறிப்பு

1

காலை ஆறு பத்து. அக்காவின் கணவர் அவளுடைய மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் குந்தியிருக்கிறார். கையில் ஸ்பேனர்.

இப்படித் தொடங்க நினைத்தேன். ஆனால் இது கதையாகப் பிறக்கவில்லை. வாகனக் காப்பீட்டு அலுவலகம் ஒன்று, புதிதாக வண்டி ஓட்டுவோருக்குப் பத்துக் குறிப்புகள் கேட்டது. ஹெல்மெட் வாரைக் கட்டுங்கள். மழையின் முதல் பத்து நிமிடம் சாலை வழுக்கும். காப்பீடு முடியும் தேதியைக் குறித்து வையுங்கள்.

நான்காவதில் அக்கா வந்துவிட்டாள்.

2

அக்காவுக்கு நாற்பத்தேழு. வீடு வீடாகப் போய் முட்டிவலிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். இரண்டு பேருந்து மாறி அலுத்து, மூன்று வாரம் முன் வண்டி வாங்கினாள்.

அவள் கணவர், என் மாமா, அதே காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துச் சேதங்களை மதிப்பிடுபவர். கீறலைப் பார்த்தே எந்தப் பக்கம், என்ன வேகம் என்று சொல்லிவிடுவார். இருபது வருடமாக உடைந்த வண்டிகளை மட்டுமே பார்த்தவர்.

"ஒரு தடவை விழுந்தாலும் வித்துடணும். சரியா?"

"நான் விழுந்தாத்தானே!"

(மாமாவை முரடராக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. அவர் டீ ஆற்றிக் கொடுத்துவிட்டுத்தான் சண்டையே ஆரம்பிப்பார்.)

3

வளைவில் லாரி ஒன்று சீறிக்கொண்டு வந்த—

வேண்டாம். லாரியே இல்லை. நோயாளி வீட்டு வாசலில், நடை வேகத்தில் திரும்பும்போது முன் பிரேக்கைப் பிடித்தாள். வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. அவளுக்கு ஒன்றுமில்லை. இடது கைப்பிடியில் இருக்கும் கிளட்ச் லிவர் வளைந்தது. டேங்கில் ஒரு கீறல். அதன்மேல் பூ ஸ்டிக்கர் ஒட்டினாள். அன்றே எனக்குப் போன்.

"ஏண்டி, லிவர் வளைஞ்சா இன்சூரன்ஸ்ல கிடைக்குமா? சும்மா, உன் குறிப்புக்குத்தான் கேக்கறேன்."

"கேட்டுப் பாக்கலாம். ஆனா அந்த ஃபைல் மாமா மேசைக்குத்தான் போகும்."

"அப்ப விடு. எனக்கென்ன? பொதுவாத்தான் கேட்டேன்."

குறிப்பு நான்கு: ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கை இறுக்காதீர்கள். (நன்றி: பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்.)

4

முடிவுகள்.

அ) மாமா ஸ்டிக்கரைப் பிய்க்கிறார். வண்டி விற்கப்படுகிறது. அக்கா மறுபடியும் பேருந்து நிறுத்தத்தில்— அடித்துவிட்டேன்.

ஆ) மாமா கவனிக்கவே இல்லை. அவரை அறிந்தவர் யாரும் இதை நம்பமாட்டார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஆறு பத்துக்கு நான் இரண்டு தெரு தள்ளி என் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். ஸ்பேனர் என் கற்பனை. ஏழரைக்கு நான் அங்கே போனபோது வண்டியில் புது லிவர் பளபளத்தது உண்மை. ஸ்டிக்கரின் தூக்கிய ஓரத்தை யாரோ அழுத்தி ஒட்டியிருந்ததும் உண்மை. மாமா வாசலில் செய்தித்தாளை விரித்திருந்தார். நகக்கண்ணில் கிரீஸ்.

அக்கா ஹெல்மெட்டோடு வந்தாள். வாரைக் கட்டினாள். வண்டியில் ஏறி இடது கையை வைத்தாள். எடுத்தாள். மறுபடியும் வைத்தாள்.

வாயை மூடிக்கொண்டு கிளம்பியிருந்தால் கதை அங்கேயே நல்லபடியாக முடிந்திருக்கும். அவளுக்கு அது மட்டும் வராது. மாமாவின் பதிலை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதுங்கள். பார்த்து எழுதுங்கள், அவள் வண்டி உங்கள் கையில்.

"ஏங்க, இந்த லிவர் வளைஞ்சுல்ல இருந்துச்சு?"