கரை உடைந்ததால்

விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்த விநாயகம் மூன்றாவது வரியில் நின்றார். விரல் இரண்டு எழுத்து பின்னால் போய், மறுபடி முன்னால் வந்தது. பிறகு தாளை என் பக்கம் திருப்பினார்.

“பாப்பா, இது இன்னா? கர உடஞ்சதா, உடச்சதா?”

பார்த்தேன். ‘ஏரிக்கரை உடைத்ததால் கீழ்கரை வயல்களில் மணல் ஏறியது.’ உடைந்ததால் என்று இருக்க வேண்டும். ந் வரவேண்டிய இடத்தில் த் இருந்தது. டைப் அடித்தது நான்.

போன கார்த்திகையில், மூன்று மாதத்து மழை ஒன்றரை நாளில் கொட்டியது. கோடு போட்டு மழை அளக்க நான் வைத்திருந்த ஜாடி நிரம்பி வழிந்துவிட்டது. டைரியில் ‘அளவு தெரியவில்லை’ என்று எழுதினேன். எத்தனை மணிக்கு வழிந்தது என்பதும் தெரியாததால் அதையும் எழுதினேன். ஏரி நிரம்பி மேல்கரைக்காரர்களின் நிலங்கள் முழுகின. விடியற்காலையில் கரை உடைந்தது. அவர்கள் நிலம் வெளியே வந்தது, கீழ்கரையில் எங்கள் நெல் மணலுக்குள் போனது. மேல்கரை விநாயகம் மண்வெட்டியோடு கரையில் நின்றதை என் நைனா பார்த்திருக்கிறார். மண் அணைக்கப் போனேன் என்பது விநாயகத்தின் பேச்சு. வெட்டப் போனான் என்பது நைனாவின் பேச்சு. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் இரண்டு மோட்டார் பைப்புகள் அறுபட்டன, அந்தப் பக்கம் ஒருவருக்குத் தலையில் ஏழு தையல்.

தொண்டூரிலிருந்து சுதர்சனா அக்கா பஸ் பிடித்து வர ஆரம்பித்தது தை மாதத்தில். அவர்களுடைய அமைதிக் குழு முன்பெல்லாம் கோயில் தகராறுகளுக்குத்தான் போகுமாம். இப்போது கூப்பிடுகிற ஊர்களில் பாதி தண்ணீர்ச் சண்டை என்று சொன்னார். மழை பழைய மாதிரி இனிப் பெய்யாது, ஏரி நிரம்பினால் வழியும் கலங்கலை அகலப்படுத்தி உபரித் தண்ணீருக்கு வழி விடாவிட்டால் அடுத்த கார்த்திகையிலும் இரண்டு ஊரும் அடித்துக்கொள்ளும் என்றார். சமாதானம் பேசக் கூப்பிட்டால் இந்தம்மா ரேடியோ மாதிரி வானிலை அறிக்கை வாசிக்குது என்றார் நைனா. ஆனாலும் எல்லாக் கூட்டத்துக்கும் போனார். அக்கா சமணர், பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார் என்பதால் கூட்டம் நாலு மணிக்கே தொடங்கும்.

முடிவில் இரண்டு ஊரும் சேர்ந்து கலெக்டருக்கு ஒரே மனு என்று ஆயிற்று. இரண்டு பக்கத்துக்கும் நிவாரணம், புதுக் கலங்கல். செஞ்சியில் மாலை வகுப்பில் நான் தமிழ் டைப்பிங் படிப்பதால் மனு என்னிடம் வந்தது. மூன்று தடவை சரிபார்த்தேன். கீழ்கரையில் நைனா உள்பட இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. விநாயகம் போட்டால் மேல்கரை முழுக்கப் போடும்.

“ஒத்த எழுத்துல என்ன ஜெயிலுக்கு அனுப்பிடுவ போலகுதே,” என்றார் விநாயகம். சிரிக்கவில்லை.

பின்னாலிருந்து நைனா, “அடிச்சது சரியாத்தான் இருக்குது,” என்றார்.

மேல்கரைக்காரர்கள் எழுந்தார்கள். சுதர்சனா அக்கா எழவில்லை. திருத்திக்கொள்ளலாம், ஆனால் கையெழுத்தான மனுவில் அடித்துத் திருத்தினால் முன்னே போட்டவர்கள் எல்லோரும் ஓரத்தில் சின்னக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் கேள்வி வரும் என்றார். திங்கட்கிழமை மனு நாள், புதிதாக அடித்து எல்லோரையும் மறுபடி கூட்ட நேரமில்லை. த்-ஐ அடித்து மேலே ந் எழுதினேன். இருபத்தொரு பேர் முணுமுணுத்துக்கொண்டே ஓரத்தில் போட்டார்கள். நைனா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் போட்டால் தானும் போடுவதாகச் சொல்லிவிட்டு விநாயகமும் போனார்.

அன்று மாலை வகுப்பில் ‘உடைந்ததால்’ என்ற சொல்லை ஐம்பது தடவை அடித்துப் பார்த்தேன். த, ந இரண்டும் பக்கத்துப் பக்கத்து விசைகள், தவற இடமுண்டு. ஐம்பதிலும் ஒரு பிழை இல்லை. கவனமாக அடித்ததால் இருக்கலாம் என்று டைரியில் எழுதினேன். அதை அடித்துவிட்டு, அடித்ததை மறுபடி எழுதினேன்.

ஞாயிறு காலை நைனா மனுவை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார். பின்னாலேயே போனேன். உடைப்பில் அடுக்கிய மணல் மூட்டைகள் வெயிலில் நைந்து வாய் பிளந்திருந்தன. எதிர்ப் பக்கம் விநாயகம் மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர் நின்றார்.

“தெரிஞ்சே அடிச்சியா?” என்று கேட்டார் நைனா.

“தெரியல, நைனா.”

பிளந்திருந்த ஒரு மூட்டையின் வாயைக் காலால் ஒதுக்கினார். “அன்னிக்கு மண்வெட்டி அவன் தோள்ள இருந்துது,” என்றார். “கையில இல்ல.”

பேனாவைக் கேட்டார். கொடுத்தேன். எழுதுகிறதா என்று பார்க்க உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்தார். விழவில்லை. வாயருகே கொண்டுபோய் முனையில் ஊதிவிட்டு மறுபடி இழுத்தார். காய்ப்பேறிய கையில் விட்டுவிட்டு நீலமாக ஒரு கோடு விழுந்தது. எதிர்ப் பக்கத்தில் மாடு நடக்கத் தொடங்கியது. விநாயகம் அங்கேயே நின்றார்.